யாரும் திரும்பிப் பார்க்காதீங்க

தயிர்சாதத்திலிருந்து மாதுளை முத்துகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்த என் மகள், தலையை நிமிர்த்தாமலேயே அதைச் சொன்னாள். காலையில் பள்ளிக்குப் போகும்போது வேன் மாமா ஒரு அத்தையை இடித்துவிட்டாராம். அத்தை ரோட்டிலேயே படுத்துக்கொண்டாளாம். மாமா வேனை நிறுத்தவில்லையாம். பாட்டுச் சத்தத்தை மட்டும் கூட்டினாராம்.

அவள் யூகேஜி படிக்கிறாள். வகுப்புக்கு யானை வந்தது என்றும் சொல்வாள். ஆனால் யானைக் கதைகளுக்குக் கண் அகலும், இரண்டு கையும் ஆடும். அன்று கை முத்துகளைப் பொறுக்குவதிலேயே இருந்தது.

"யாரும் திரும்பிப் பார்க்காதீங்கன்னு மாமா சொன்னாரும்மா. நான் பாத்துட்டேன்," என்றாள். திட்டு விழுமோ என்று என் முகத்தைப் பார்த்தாள்.

திட்டவில்லை என்று காட்ட, அவள் தலையைத் தடவினேன். 

எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், பள்ளி கிழக்குத் தாம்பரத்தில். வேன் பள்ளியுடையது அல்ல. நாலைந்து தெருவின் அம்மாக்கள் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டது. பள்ளியில் சேர்த்த அன்றே, வேன் உங்கள் ஏற்பாடு, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஏற்பாடு மொத்தமும் ஓட்டுநர் ஒருவரை நம்பித்தான் இருந்தது. ஐம்பதை நெருங்குகிறவர். நாங்கள் அண்ணா என்போம், பிள்ளைகள் மாமா என்பார்கள். எந்தத் தண்ணீர் பாட்டில் யாருடையது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். என் மகளுக்கு வேனில் குமட்டும் என்று ஜன்னலோர இடத்தை நாங்கள் கேட்காமலேயே கொடுத்தவர். கேஸை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிவந்து பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் இரண்டாம் முறை யோசிக்காமல் ஒப்படைத்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த தெரு அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் மகனும் அதே வேன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்துக்குப் போகிறவர்கள். என்னைவிட மூத்தவள், எனக்குப் பிரசவமானபோது ஒரு வாரம் சாப்பாடு கொடுத்தனுப்பியவள். நான் பாதி சொல்வதற்குள்ளேயே தெரியும் என்றாள்.

"இவனும் வந்து சொன்னான். அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, நீ தூங்கிட்ட, கனவு கண்டிருப்பன்னு சொல்லிட்டேன். ரெண்டு தடவ சொன்னேன், இப்ப அவனே கனவுன்னு சொல்றான். நீயும் அப்படியே சொல்லிடு."

அதை அவள் சளி மருந்து சொல்வதுபோலச் சொன்னாள். நான் சரி என்றுகூடச் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் எது சொன்னாலும் முதலில் சரி என்று வந்துவிடும் எனக்கு. போனை வைத்த பிறகுதான் மகளைப் பார்த்தேன். தட்டில் முத்துகள் வரிசையாக இருந்தன. அவளிடம் நான் என்ன சொல்வது? நீ பார்த்ததை நீ பார்க்கவில்லை என்றா?

சற்று நேரத்தில் வேன் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ எழுதினார்கள். காலையில் வேனுக்கு ஒரு சின்னப் பிரச்சினை, குழந்தைகள் எல்லோரும் சேஃப், அண்ணாவிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம், பாவம் டென்ஷனில் இருக்கிறார் என்று. கீழே கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. ரோட்டில் விழுந்த பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் கணவர் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தான் வருகிறவரை எதுவும் செய்ய வேண்டாம் என்றார். கேஸ் ஆனால் பார்த்த சாட்சி யார், குழந்தைதானே, கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தப்போகிறாயா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. நானும் பயந்தது அதற்குத்தான்.

மதியம் மகள் தூங்கியதும் போனில் சட்டத்தைத் தேடினேன். எம்.காம் முடித்துக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சில வருடம் வேலை பார்த்தவள் நான். விதிகளை ஒழுங்காகப் படித்துப் பழக்கம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் அது நேராகவே இருந்தது. வண்டி மோதி யாருக்காவது அடிபட்டால், ஓட்டியவர் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும். கூட்டம் ஆவேசமாகத் திரண்டாலோ, தன் கையை மீறிய வேறு காரணம் இருந்தாலோ அதற்கு விலக்கு உண்டு. ஆனால் பக்கத்துக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வதற்கு விலக்கு இல்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் ஒரு நாளுக்குள். ஏன் உதவ முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவறினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பயந்தவனுக்கும் அதில் இடம் இருந்தது. நீ பயந்தது சரி, வந்து பயந்தேன் என்று சொல் என்கிறது. ஒளிந்துகொள்கிறவனுக்குத்தான் இடமில்லை. அவரே போய்ச் சொல்லிவிட்டால், சாட்சி என்று என் மகளை யாரும் தேட வேண்டியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு நாள் என்றால் நாளைக் காலை வரை. ஆனால் நாளைக்கு என்று விட்டால் எனக்கே தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் மகளை விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். முதலில் அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிய வேண்டும்.

வேன் போகிற வழியில், கேம்ப் ரோடு சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இளநீர்க் கடை. கடைக்கார அக்காவிடம் காலையில் இங்கே விபத்து நடந்ததா என்று கேட்டேன். நீ யாரு, அந்தம்மாவுக்குச் சொந்தமா என்றாள். இல்லை என்றேன். பேப்பர்க்காரியா என்றாள். அதுவும் இல்லை என்றதும் அரிவாளைக் கீழே வைத்தாள். அடிபட்டவள் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிறவள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓரமாக நடந்தவளை வேனின் பக்கக் கண்ணாடி அடித்துத் தள்ளியிருக்கிறது. விழுந்ததில் கால் மடங்கிவிட்டது.

"மூச்சு நல்லா கீது. ஆட்டோல போட்டு ஜிஎச்சுக்கு இட்டுகினு போனாங்க. வேலைக்கு லேட்டாவுதுன்னு அழுவுது, கால் ஒடஞ்சத பத்தி அழுவல," என்றாள்.

வண்டி எண்ணை யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன்.

"யார் பாத்தா? மஞ்ச கலர் இஸ்கூல் வேனு. இந்த ரோட்டுல எல்லாமே மஞ்ச வேனுதான். பின்னாடி கண்ணாடியில ரெண்டு பசங்க டாட்டா காட்டிகினே போச்சுங்க."

இளநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பின்னால் திரும்பிப் பார்த்துக் கை ஆட்ட என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். தினம் காலையில் தெருமுனையில் நின்று நானும் ஆட்டுவேன்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு காலி மனையில்தான் அவர் வேனை நிறுத்துவார். நான் போனபோது கழுவிக்கொண்டிருந்தார். காலையில்தான் கழுவுவார், அது எங்களுக்கெல்லாம் தெரியும். இடதுபக்கக் கண்ணாடி புதிதாக மாற்றியிருந்தது. அதில் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். 

வழியெல்லாம் நான் தயார்செய்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அவங்க உயிரோட இருக்காங்க அண்ணா," என்றேன்.

அவர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். காலையிலிருந்து அவர் அந்த ஒரு செய்திக்காகத்தான் காத்திருந்திருக்கிறார் போல. போய்க் கேட்க அவருக்குத் துணிவு வந்திருக்காது.

பிறகு மெதுவாகப் பேசினார். நான் சண்டைக்கு வந்தேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் கொஞ்சம் ஏறியது. "நிறுத்தியிருந்தா கூட்டம் கூடியிருக்கும் மேடம். டிரைவர்னா முதல்ல அடி, அப்புறம்தான் பேச்சு. கண்ணாடிய ஒடைப்பானுங்க. உங்க பொண்ணு எங்க ஒக்காந்துகினு இருந்துச்சு? கண்ணாடியாண்டதான? அதும்மேல ஒரு சில்லு பட்டா நீங்க என்ன சும்மா வுடுவீங்களா?"

  அவர் நிறுத்தியிருந்து, கல் விழுந்து, என் மகள் முகத்தில் கண்ணாடி பட்டிருந்தால், நான் இதே நியாயத்தைப் பேசிக்கொண்டு வந்து நின்றிருப்பேனா? நின்றிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அந்த இடத்தில் நான் திரும்பிப் போயிருக்கக்கூடும். ஸ்கூட்டர் சாவி கையில்தான் இருந்தது.

"சரி. பசங்கள ஸ்கூல்ல இறக்கிவிட்டீங்களே அண்ணா. அதுக்கப்புறம்?" என்றேன்.

அவர் குழாயையே பார்த்தார். குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.  நான் பேசினால் அவருக்கு வழி விட்டுக் கொடுத்துவிடுவேன் என்று பயம்.

"பத்து வருஷம் மேடம்," என்றார் கடைசியில். "டீக்கடையில எல்லாரும் அதான் சொல்றாங்க. இடிச்சா பத்து வருஷம், புதுச் சட்டம். லாரிக்காரனுங்க எல்லாம் ஸ்ட்ரைக் பண்ணானுங்களே. எனக்கு ரெண்டு பொண்ணு. பத்து வருஷம் உள்ள போய் வந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. காலையிலிருந்து அவரைக் கட்டிப்போட்டது கல்நெஞ்சு அல்ல, அந்தப் பத்து வருடம்தான். அதை அவர் தலைகீழாகப் பிடித்து வைத்திருந்தார். போனை எடுத்துக் காட்டினேன். அந்தப் பத்து வருடம், கவனக்குறைவாக ஓட்டி ஆள் இறந்துபோய், அதைச் சொல்லாமல் ஓடிப்போகிறவனுக்கு என்று எழுதியது. அதைக்கூட அந்த ஸ்டிரைக்குக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். போய்ச் சொல்கிறவனுக்கு அது இல்லவே இல்லை. எதற்குப் பயந்து ஒளிகிறீர்களோ அது ஒளிவதற்கான தண்டனை அண்ணா என்றேன். அவர் போனை வாங்கவில்லை. தூரத்திலிருந்தே எழுத்துகளைப் பார்த்தார். பிறகு, "படிச்சவங்க நீங்க சொல்றீங்க. ஸ்டேஷன்ல இதெல்லாம் படிப்பாங்களா?" என்றார்.

நான் உத்தரவாதம் தர முடியாது. தரவும் இல்லை. கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது.

"நீங்க வந்தா ரெண்டு பேரும் போலாம். நீங்க வரலேன்னா நான் தனியா போவேன். ஆனா இன்னிக்கு ஒருத்தர் போகணும்."

"அண்ணன்னு கூப்பிட்டுட்டு போலீஸ்ல மாட்டி விடுறியேம்மா," என்றார். அதுவரை மேடம் என்றவர் அப்போதுதான் முதல்முறையாக ஒருமையில் பேசினார்.

"அண்ணன்னு கூப்பிட்டதாலதான் கூட வரேன்."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டாரா என்று நான் இரண்டு முறை கேட்டேன். அவர் வேனை எடுத்தார், நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

நான் அதுவரை காவல் நிலையத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. முதலில் போன இடத்தில், இது போக்குவரத்துப் புலனாய்வுக்காரர்கள் பார்க்கிறது, அவர்கள் வேறு கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று வழி சொன்னார்கள். வெளியே வந்ததும் அவர் மெதுவாக, நாளைக்குக் காலையில் வரலாமே, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். எனக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் இருந்தது. வீட்டுக்காரம்மா மகளுக்குப் பால் கொடுத்திருப்பாளோ, எழுந்ததும் தேடுவாளோ என்று மனம் அங்கே போய்விட்டது. இல்லை அண்ணா, இப்பவே என்றேன். இன்னொரு முறை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. நல்லவேளை அவர் கேட்கவில்லை.

அந்த உதவி ஆய்வாளர் நல்லவராகவும் இல்லை, கெட்டவராகவும் இல்லை. வேலை பார்த்தார். காலையில் இடித்துவிட்டு இப்போது வருகிறாயா என்று கேட்டார். பயந்துட்டேன் சார் என்றார் இவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை; கூட்டம், கண்ணாடி, பிள்ளைகள், எதையும் சொல்லவில்லை. நான் குறுக்கிட்டு, வேனில் குழந்தைகள் இருந்தார்கள், அதனால் நிறுத்தப் பயந்தார், அந்தக் காரணத்தையும் எழுத வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க? வக்கீலா?"

"இல்ல சார். இவர் வேன்ல என் பொண்ணு போறா."

"உங்க பொண்ணு போற வேன் டிரைவர நீங்களே கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா சார்."

அவர் அந்தக் காரணத்தையும் எழுதினார். கவனக்குறைவாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதற்கும், உதவாமல் போனதற்கும் சேர்த்தே வழக்குப் பதிந்தார். தானாக வந்தவருக்கு அந்த இரண்டாவது எதற்கு என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பிறகு யோசித்தால், விழுந்தவளுக்கு அது நடந்ததுதானே. வந்து சொன்னதையும் பயந்த காரணத்தையும் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஜாமீனில் விடக்கூடிய வழக்குதான், அன்றே அனுப்பிவிட்டார்கள். வேனைச் சோதனைக்கு நிறுத்திக்கொண்டார்கள். நான் போனில் சொல்லியிருந்ததால் என் கணவர் நேராக அங்கேயே வந்துவிட்டிருந்தார்.  படியேறும்போது, குழந்தை பேர் எங்கேயும் வரவில்லையே என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். சாவியை வாங்கி அவரே கதவைத் திறந்தார்.

மறுநாள் அந்தப் பெண்ணைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். பழத்தை வைத்துவிட்டு, இடித்த வேனில் என் மகள் வருகிறாள் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஏற்கெனவே யாரோ இரண்டு பேர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேன்காரருக்கு வேண்டியவர்களா, எங்கள் குழுவைச் சேர்ந்தவர்களா என்று நான் கேட்கவில்லை.

"நீயும் கேஸ வாபஸ் வாங்கச் சொல்லத்தான வந்த? பழம் வேற," என்றாள்.

"இல்லக்கா. யார் வந்து கேட்டாலும் வாபஸ் வாங்காதீங்கன்னு சொல்ல வந்தேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "இது ஒரு மாதிரியா கீது," என்றாள். ஆனால் உட்கார் என்று காலடியில் இடம் காட்டினாள். வண்டி எது என்று தெரிந்துவிட்டதால் காப்பீட்டில் இழப்பீடு கேட்கலாம் என்று அவளுக்கு நான் தெரிந்தவரை விளக்கினேன். ஓடின வண்டி ஓடியதாகவே இருந்திருந்தால் அந்த வழி இல்லை. அவள் கேட்டுக்கொண்டே ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

தெருமுனையில் அந்த வாரம் முழுக்க எனக்குப் பெயர் வக்கீலம்மா. நான் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனால், எல்லாரும் ஓரமா நில்லுங்கப்பா, கேஸ் போட்டுடுவாங்க என்று ஒருத்தி சிரிப்பாள். ஒரு சின்ன விஷயத்துக்காக இத்தனை பேருடைய வேனை நிறுத்திவிட்டாயே என்று அடுத்த தெரு அம்மா நேராகவே கேட்டாள். உடைந்தது உன் காலாக இருந்தால் சின்ன விஷயமா என்று நான் கேட்டேன். அவளிடம் அப்படிப் பேசியது எனக்கு இரவெல்லாம் உறுத்தியது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

மகளிடம் நான் கனவு என்று சொல்லவில்லை. நீ பார்த்தது நிஜம், அந்த அத்தைக்குக் கால் சரியாகிக்கொண்டு வருகிறது, மாமா போலீஸிடம் போய்ச் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். போலீஸ் மாமாவை அடித்தார்களா என்று கேட்டாள். இல்லை, எழுதிக்கொண்டார்கள் என்றேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு வேன் திரும்பி வந்தது. வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. முதல் நாள் காலையில் அவர் வந்து நின்றபோது தெருமுனையில் நானும் என் மகளும் மட்டும்தான். எதையும் கேட்காதே, எதையும் சொல்லாதே, அண்ணா பாவம் என்று எழுதிய அத்தனை பேரும் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். கேஸ் ஆன டிரைவரிடம் எப்படிப் பிள்ளையை அனுப்புவது என்றார்களாம். விஷயத்தை ஒளித்து வைத்திருந்த ஆளை நம்பினார்கள். ஒப்புக்கொண்டவரை நம்ப முடியவில்லை.

நான் அவர் வேனில்தான் அனுப்புகிறேன். இதைச் சொன்னால் என் கணவரின் வீட்டில் இன்றும் புருவத்தை உயர்த்துகிறார்கள். உயர்த்தட்டும். என் மகளை ஏற்றிக்கொண்டு போகிறவர், தப்பு நடந்தால் போய் நின்று சொல்வார் என்று எனக்குத் தெரியும். மற்ற மஞ்சள் வேன்களைப் பற்றி எனக்கு அது தெரியாது.

அந்த முதல் நாள் அவர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டு என் மகள் எங்கே உட்காருவது என்று நின்றாள். எங்க வேணா ஒக்காரு பாப்பா, வேன் முழுக்க உன்னுதுதான் என்றார். அவள் வழக்கமான ஜன்னலோரத்திலேயே போய் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். போட்டிருந்தார். வேன் முனையைத் திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டினேன்.